பைபிளின் புதிய ஏற்பாட்டில் முதலில் எழுதப்பட்டது மத்தேயு நற்செய்தியா?

இல்லை. மத்தேயு முதலில் இருப்பது தொகுத்தவர்கள் வைத்த வரிசை. தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகரான பவுலின் கடிதங்கள்தான் மூத்தவை. தெசலோனிக்கேயருக்கான முதல் கடிதத்தை கி.பி. 50 வாக்கில் எழுதினார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு.

அதை எப்படிச் சொல்ல முடிகிறது? ஒரு கல்வெட்டு கைகொடுக்கிறது. கொரிந்துவில் பவுலை கல்லியோன் என்ற ரோமானிய ஆளுநர் முன் நிறுத்தியதாக புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளின் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. கிரேக்கத்தின் டெல்பியில், பேரரசர் கிளாடியஸின் கடிதம் பொறித்த கல் துண்டு துண்டாகக் கிடைத்தது. அதில் அதே கல்லியோனின் பெயர்! அதன்படி அவர் பதவிக்காலம் 51-52ஐ ஒட்டியது. பவுலின் மற்ற ஆண்டுகளை இந்தக் கல்லிலிருந்துதான் முன்னும் பின்னும் எண்ணுகிறார்கள். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

சரி, நற்செய்திகள்? மாற்கு முதலில், எருசலேம் ஆலயம் இடிந்த 70ஐ ஒட்டி. மத்தேயுவும் லூக்காவும் மாற்கைப் பார்த்தே எழுதினார்கள் என்பது இன்று பெரும்பான்மைக் கருத்து.