‘எதிர்பாராத’ எங்கே பொருந்தும்? கேள்வி பதில்

கும்பகோணம்: ஐயா, ‘எதிர்பாராத’, ‘திடீர்’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை அம்மா. ‘திடீர்’ வேகத்தைச் சொல்லும். ‘எதிர்பாராத’ மனக்கணக்கு தப்பியதைச் சொல்லும். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணையை 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். குறுவைக்காரர்களுக்கு அது எதிர்பாராத தண்ணீர். நாள் குறித்து முதலமைச்சரே வந்து திறந்ததைத் ‘திடீர்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நாகை: கஜாவை ‘எதிர்பாராத புயல்’ என்று எழுதலாமா?

வேண்டாம் தம்பி. 2018 நவம்பர் 16 விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயலுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. பிள்ளைபோல் வளர்த்த தென்னை தோப்புதோப்பாகச் சாய்ந்ததே, அதை ‘எதிர்பாராத சேதம்’ என்று எழுதுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு இந்தச் சொல் முழுக்கப் பொருந்தும். அன்று கரையில் நின்றவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மன்னார்குடி: தை மாசம் அறுத்துப் போட்ட சம்பா நனைஞ்சு போச்சுங்க. மனுவுல ‘எதிர்பாராத மழை’ன்னு போடலாமா?

‘பருவம் தவறிய மழை’ என்று போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் அது பருவமழை. தையில் பெய்வது பருவம் தவறியது. ‘எதிர்பாராத’ என்றால் உங்கள் மனசைத்தான் சொல்கிறது, ‘பருவம் தவறிய’ என்றால் காலத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதியிலும், அறுத்து வயலில் காயப்போட்ட கதிருக்கு 14 நாள் வரை பருவம் தவறிய மழை ஒரு காரணமாக இருக்கிறது. பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே அடைமொழியைத் தேடி நேரத்தைப் போக்காமல் அறுத்த தேதி, மழை பெய்த தேதி இரண்டையும் முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

திருவாரூர்: எதிர்பாராத, எதிர்பார்க்காத. எது சரி?

இரண்டும் சரி. யார் என்பதைச் சேர்த்துச் சொன்னால் இரண்டாவது இயல்பாக வரும்: ‘நாங்கள் எதிர்பார்க்காத விருந்தாளி’. பொதுவாகச் சொன்னால் முதலாவது.

பட்டுக்கோட்டை: ‘எதிர்பாராதச் செலவு’ என்று ஒற்று வருமா?

வராது. ‘எதிர்பாராத செலவு’தான். ‘த’ கெட்டு ‘எதிர்பாரா’ என்று நின்றால் மிகும்: எதிர்பாராச் செலவு.

மயிலாடுதுறை: வீட்டுப் பேச்சில் இந்தச் சொல்லே வருவதில்லையே?

ஆமாம். ‘திடுதிப்புன்னு வந்து நிக்கிறான்’, ‘சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க’, ‘நெனச்சே பாக்கல’ என்றுதான் பேசுகிறோம். இவற்றைக் கொச்சை என்று தள்ளாதீர்கள். கதை எழுதும்போது வயலில் நிற்பவர் வாயில் ‘எதிர்பாராத விதமாக’ என்று வைத்தால் அவர் குரலே மாறிவிடும்.