பிளக்கில் பொறி வரவில்லை: சீடிஐ மாற்ற வேண்டுமா?

மணற்காட்டில் ஓடிவிட்டுக் கழுவி வைத்த டேர்ட் பைக்கில் மறுநாள் பொறியே இல்லை, கராஜில் சீடிஐ (பொறிக்கான மின்துடிப்பை அனுப்பும் சிறு பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். சீடிஐயைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். விலையும் கூட, சாதாரண மீற்றரால் சோதிக்கவும் முடியாது.

முதலில் புதுப் பிளக் ஒன்றை, பிளக் வயரின் நுனியில் உள்ள கப்பில் மாட்டி, அதன் இரும்பு உடல் எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக்கர் அடியுங்கள். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பெற்றோல் ஆவி பற்றும்.

பொறி இல்லையா? கில் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். மக்னெற்றில் (எஞ்சின் சுற்றும்போது தானே மின்சாரம் தருவது) ஓடும் சீடிஐயில் இந்தச் சுவிட்ச் ஏர்த் கொடுத்துத்தான் எஞ்சினை நிறுத்தும். உள்ளே தண்ணீர் போனால் எப்போதும் நிறுத்தியபடியே இருக்கும். கழுவிய பிறகு வந்த கோளாறு என்பதால் எனக்கு இதில்தான் சந்தேகம். பற்றரியில் ஓடும் சீடிஐ என்றால் கழற்றிப் பயனில்லை, சீடிஐக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கப். திருகிக் கழற்றினால், நம்முடைய உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்திருப்பது தெரியும். நுனியில் 5 மில்லிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். கப்பின் தடை பெரும்பாலும் 5 கிலோ ஓம். மீற்றர் அசையவே இல்லையென்றால் கப் போய்விட்டது.

பிளக் வயர் வந்து சேரும் கொயிலின் ஏர்த் போல்ற்றையும் சுரண்டித் துடையுங்கள். மக்னெற் கொயில்களின் ஓம் அளவை மனுவலோடு ஒப்பிடும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும், சூட்டில் ஓம் கூடும். ஆனால் சில கொயில்கள் சூட்டில்தான் அறும், அதனால் ஆறியபோது அளவு சரியாக இருந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம்.