ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் 'பனிக்கடல்' ஓவியத்தில் நொறுங்கிக் கிடப்பது எந்தக் கப்பல்?

உண்மையில் மூழ்கிய எந்தக் கப்பலும் அல்ல. 1823-24இல் வரையப்பட்ட இந்த ஓவியத்துக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படுவது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வில்லியம் பாரியின் 1819-20 ஆர்க்டிக் பயணம். அவருடைய ஹெக்லா, கிரைப்பர் ஆகிய இரு கப்பல்களும் ஆர்க்டிக்கின் மெல்வில் தீவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் பத்திரமாக ஊர் திரும்பின. பாரி தம் மூன்றாம் பயணத்தில் ஃப்யூரி என்ற கப்பலைப் பனிக்குப் பறிகொடுத்தது 1825இல், ஓவியம் முடிந்த பிறகு.

ஃப்ரீட்ரிக் ஆர்க்டிக்கைப் பார்த்ததே இல்லை. 1820-21 குளிர்காலத்தில் டிரெஸ்டனில் எல்பே ஆற்றில் ஒதுங்கிய பனிப்பாளங்களை எண்ணெய் வண்ணத்தில் ஆய்வுப்படங்களாகத் தீட்டி வைத்திருந்தார். முன்புறப் பாளங்களின் மண் கலந்த பழுப்பும், முறிந்த விளிம்பின் கூர்மையும் அங்கிருந்து வந்தவை என்பதே என் கணிப்பு. அளவைத்தான் மாற்றிவிட்டார்: ஆற்றுப்பனி மலையாகிவிட்டது. கப்பலோ வலப்பக்கம் சிறு துண்டாகத் தெரிகிறது. பலர் முதல் பார்வையில் அதைக் கவனிப்பதே இல்லை. அதுவே இந்த ஓவியத்தின் பெரும் பலம்.

பாளங்கள் அடுக்கடுக்காக எழுவது கற்பனை அல்ல. காற்றும் நீரோட்டமும் தள்ளும்போது மிதக்கும் பனித்தட்டுகள் மோதி, முறிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நடுவே சிக்கும் கப்பலின் பக்கச்சுவர் செங்குத்தாக இருந்தால் பனி இருபுறமும் நெருக்கி நொறுக்கும். நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சனின் ஃப்ராம் கப்பலுக்கு வயிற்றை உருண்டையாக அமைத்ததன் காரணம் இதுதான்: நெருக்கும்போது அது மேலே வழுக்கி எழும்.

ஓவியம் ஃப்ரீட்ரிக்கின் வாழ்நாளில் விற்கவில்லை. இப்போது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது.