அட்வென்டில் குருத்தோலைப் பாடமா?

அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் காலம்) முதல் ஞாயிறில் உங்கள் சபையில், இயேசு எருசலேமுக்குள் வரும் குருத்தோலை ஞாயிற்றுப் பாடமான மத்தேயு 21-ஐ வாசித்தார்களே, போதகர் மாற்றிவிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். அது அட்வென்ட் முதல் ஞாயிற்றுக்கும் உரிய பாடம்தான், போதகர் மாற்றி வாசிக்கவில்லை. நாகர்கோவில் பக்கத்தில் எங்கள் சபையிலும் ஒரு பாட்டி, "குருத்தோலை எங்க மக்களே?" என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் கையிலுள்ள வேதபாட அட்டவணைத் தாளில் அந்த ஞாயிற்றுக்கு மத்தேயு 24 இருப்பதால், அது ஞாயிறு பாடங்களின் மூன்று வருட வரிசையாக இருக்கலாம்: மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒன்று. சபையில் வாசித்தது பழைய ஒரு வருட வரிசையாக இருக்கும்.

இரண்டாம் ஞாயிறைப் பாருங்கள். லூக்கா 21 வந்தால் ஒரு வருட வரிசை; மத்தேயு 3, யோவான்ஸ்நானன் வந்தால் மூன்று வருட வரிசை. முதல் ஞாயிறை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், சில மூன்று வருட அட்டவணைகளும் மத்தேயு 21-ஐ மாற்றுப் பாடமாகத் தருகின்றன.

வேதபாட வகுப்புக்கு நானென்றால் மத்தேயு 21-ன் 5-ம் வசனத்தின் "உன்னிடத்தில் வருகிறார்" என்பதிலேயே அரை மணி நேரம் நிற்பேன்.