காட்டு முகாமுக்குக் கிளம்பும் முன் எழுதி வைக்க வேண்டியவை

கேள்வி: எங்கள் பள்ளியிலிருந்து 14, 15 வயது மாணவர்கள் 24 பேரை மூன்று நாள் காட்டு முகாமுக்கு அழைத்துப் போகிறோம். மலையேற்றம், ஓடை கடப்பது, கூடாரத்தில் தங்குவது எல்லாம் உண்டு. பெற்றோரின் ஒப்புதல் படிவம், முதலுதவிப் பெட்டி, அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் தயார். பாதுகாப்புக்கு இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூன்றும் தேவைதான். ஆனால் படிவம் வெள்ளத்தைத் தடுக்காது, பெட்டியோ அடிபட்ட பிறகுதான் திறக்கப்படும். எந்த நிலைமை வந்தால் திரும்பிவிடுவீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மனசு ஒரே பக்கம்தான் சாயும். உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தானே, பிள்ளைகள் இவ்வளவு ஆசைப்படுகிறார்களே என்று தோன்றும். அனுபவசாலியான வழிகாட்டி "போகலாம் சார்" என்று சொல்லிவிட்டால் மற்ற ஆசிரியர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அதனால் எல்லையை எண்ணாகவே எழுதுங்கள். மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 வினாடிக்குக் குறைந்தால் (சுமார் 10 கி.மீ. தொலைவு) மேட்டை விட்டு இறங்குகிறோம், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏறுவதில்லை. குழுவில் யார் "வேண்டாம்" என்றாலும், அது மாணவராகவே இருந்தாலும், நின்று பேசிவிட்டுத்தான் அடுத்த அடி.

நான் அதிகம் பயப்படுவது பாம்புக்கு அல்ல, தண்ணீருக்கு. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழம்தானே என்று இறங்குபவர்களை அது சாய்த்துவிடும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை ஓடையில் வந்து சேரலாம். 2008 ஏப்ரலில் நியூசிலாந்தின் மாங்காடெபோபோ பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளத்தில் 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள்.

ஓடையோரம் நின்றதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். குச்சி நனைந்துகொண்டே போனாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ கடக்க வேண்டாம், மேட்டுக்குப் போங்கள். கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். விழுந்த மரமோ அருவியோ இருந்தால் வேறு இடம் தேடுங்கள். இறங்கும்போது காலில் ஷூ இருக்கட்டும், பையின் இடுப்பு, மார்புப் பட்டைகளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். யார் இடுப்பிலும் கயிறு கட்டாதீர்கள். விழுந்தால் அந்தக் கயிறே ஆளை நீருக்குள் அழுத்திப் பிடிக்கும். அடித்துப் போனால் வேகமான நீரில் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது, கல்லிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால் முன்னே இருக்க மிதந்தபடி கரை ஒதுங்க வேண்டும். இதை மாணவர்களுக்குக் கரையிலேயே செய்து காட்டுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

அப்புறம், முகாமுக்கு வராத ஒருவர். வழி, பெயர்ப் பட்டியல், திரும்பும் நேரம் அவரிடம் இருக்க வேண்டும். எத்தனை மணியைத் தாண்டினால் யாரை அழைப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993இல் கயாக் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு) பயிற்சிக்குப் போன மாணவர்கள் நால்வர் இறந்தார்கள். அவர்கள் திரும்பாதபோது கடலோரக் காவல் படைக்குத் தகவல் போகவே மணிக்கணக்கில் தாமதமானது. அதன் பிறகுதான், 1995இல், இளையோருக்கான சாகச மையங்களுக்குத் தனிச் சட்டம் வந்தது.

மருந்து விஷயத்தில் ஒன்று மட்டும்: ஆஸ்துமா இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் கூடாரத்தில் இருந்து பயனில்லை, நடக்கும்போது கூடவே வர வேண்டும். குளிரைக் குறைத்து எண்ணாதீர்கள். நனைந்த உடையோடு காற்றில் நின்றால் 10 டிகிரியிலேயே உடல் வெப்பம் ஆபத்தாகக் குறையலாம். வாயாடிப் பையன் திடீரென்று பேச்சில்லாமல் தடுமாறி நடந்தால் "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்" என்பதை நம்பாமல் ஈர உடையை மாற்றுங்கள்.

இந்த எல்லைகளை வழிகாட்டியிடம் முன்கூட்டியே காட்டுங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று தாளைத் தள்ளி வைக்கிறவராக இருந்தால், வேறு வழிகாட்டியைத் தேடுங்கள்.