தங்க நங்கூரம் இருந்தால் செல்சியாகிவிடுமா?

கேள்வி: இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் இடையன் பொம்மையைப் பார்த்தேன். அடியில் தங்க நிற நங்கூர முத்திரை. "செல்சி பீங்கான், 1760" என்று 90 பவுண்டு சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: பொம்மை பிடித்திருந்தால் வாங்குங்கள். செல்சி என்று நம்பி வாங்காதீர்கள். நிக்கோலஸ் ஸ்ப்ரிமான்ட் என்ற வெள்ளி வேலைக்காரர் லண்டனின் செல்சி பகுதியில் நடத்திய பீங்கான் பட்டறை, தங்க நங்கூரம் போட்டது ஏறத்தாழ 1756 முதல் 1769 வரைதான். அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் நகல்கள் குவிந்தன. பாரிஸின் சாம்சன் நிறுவனம் 1845 முதல் பழைய பீங்கான்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தது, நங்கூரமும் சேர்த்தே.

அசல் நங்கூரம் பொடிசு, கால் அங்குலத்தைத் தாண்டாது. அடிப்பாகத்தின் நடுவில் கம்பீரமாக ஒரு நங்கூரம் நின்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஆனால் முத்திரையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் மண். செல்சியின் கலவை மென்மையான வகை. வெள்ளையில் ஒரு கதகதப்பு இருக்கும், மேல்பூச்சு மடிப்புகளில் தடித்துத் தேங்கியிருக்கும். பாரிஸ் நகல்களின் வெள்ளை நீலச் சாம்பல் கலந்து, குளிர்ந்து தெரியும். உடைந்த ஓரம் கிடைத்தால் இன்னும் நல்லது: செல்சி சர்க்கரைக்கட்டிபோல் பொருபொருவென்றிருக்கும், நகல் கண்ணாடிபோல் வழவழக்கும்.

வாங்குவதற்கு முன் தெற்குக் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மேல்மாடியில் பீங்கான் கூடங்கள், கட்டணமில்லை. சார்லட் ஷ்ரைபர் சீமாட்டி கணவரோடு ஐரோப்பா முழுக்க அலைந்து சேர்த்து, அவர் நினைவாக 1884-இல் கொடுத்த ஆங்கிலப் பீங்கான்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த அம்மாளின் நாட்குறிப்பில் எந்த ஊரில் எதை என்ன விலைக்கு வாங்கினார் என்பதுகூட இருக்கிறது. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

கேள்வி: என்னிடம் நீலத்தில் அச்சிட்ட ஒரு சாஸர் இருக்கிறது. சீனப் படகில் ஒருவர் மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வூஸ்டர் என்கிறார் ஒருவர், காஃப்லி என்கிறார் இன்னொருவர். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், லெஸ்டர்

பதில்: அருமையான கேள்வி. இந்தப் படத்தை வூஸ்டர், காஃப்லி என்ற இரண்டு ஆங்கிலப் பீங்கான் பட்டறைகளுமே அச்சிட்டன. 1751-இல் தொடங்கிய வூஸ்டர், கார்ன்வாலிலிருந்து மாக்கல் வாங்கிக் கலவையில் சேர்த்தது. நம் ஊர்க் கல்சட்டி செய்கிற கல்தான். அதனால் கொதிக்கும் தேநீரை ஊற்றினாலும் கோப்பை விரிசல் விடவில்லை. வூஸ்டரில் தொழில் கற்ற தாமஸ் டர்னர் 1770-களில் காஃப்லிக்குப் போனார், அங்கும் அதே மாக்கல். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வூஸ்டர் பெரும்பாலும் இளம்பச்சையாக ஒளிரும், காஃப்லி ஆரஞ்சு சாயலில். இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மீனைப் பாருங்கள்: காஃப்லியில் குட்டையாகக் கொழுத்திருக்கும், வூஸ்டரில் மெலிந்து நீண்டிருக்கும். படத்தில் தூண்டில் போடுகிற இன்னொருவரின் கயிறு காஃப்லியில் விறைப்பாக இறங்கும், வூஸ்டரில் நெளியும். இரண்டும் ஒத்துவந்தால் நிம்மதியாகப் பெயரெழுதி ஒட்டலாம்.

சீன எழுத்துபோல் அலங்கரித்த எண் ஏதாவது பின்னால் இருக்கிறதா? அப்படிப்பட்டவற்றை வெகுகாலம் காஃப்லி என்றே விற்றார்கள். 1960-களின் இறுதியில் வூஸ்டர் பட்டறை இருந்த இடத்தைத் தோண்டியபோது அதே குறியோடு உடைசல்கள் கிடைத்தன. அறிஞர்கள் பட்டியலையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இது. அதனால்தான் புதிதாகச் சேர்க்கிறவர்களிடம் விரிசல் விட்டதை, ஓரம் உடைந்ததை முதலில் வாங்கச் சொல்கிறேன். விலை குறைவு, உள்மண்ணும் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: "மேட் இன் இங்கிலாந்து" என்று எழுதிய கோப்பை 200 வருடம் பழையதாக இருக்குமா?
– வாசகி, குரோய்டன்

பதில்: இருக்காது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வந்தது 1891-இல். "இங்கிலாந்து" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு. "மேட் இன்" சேர்ந்திருந்தால் பொதுவாக 20-ஆம் நூற்றாண்டு. அது ராயல் வூஸ்டர் (வூஸ்டர் பட்டறையின் பிற்காலப் பெயர்) என்றால் முத்திரையைச் சுற்றிப் புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். 1892-இல் ஒரு புள்ளியில் ஆரம்பித்து ஆண்டுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனார்கள்; எண்ணினால் வருடம் வந்துவிடும்.