மருந்து ஆய்வில் அம்மா: ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்கலாமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சேலத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு முடக்குவாதம். இங்கே ஒரு மருத்துவமனையில் புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும்தான் இருக்கிறது. அம்மா தமிழ் மட்டும்தான் படிப்பார். நான் விளக்கிவிட்டு அவருக்காகக் கையெழுத்துப் போடலாமா?"

போடாதீர்கள். தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய ஒருவருக்காகப் பெற்ற பிள்ளைகூடக் கையெழுத்திட முடியாது. இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி, ஆய்வு பற்றிய விவரங்களைப் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எழுத்திலும் தரவேண்டும், வாயாலும் விளக்கவேண்டும். தமிழ்ப் படிவம் இல்லையென்றால் ஆய்வு மருத்துவரிடம் கேளுங்கள். மொழிபெயர்த்து, நெறிமுறைக் குழுவின் (பங்கேற்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் குழு) ஒப்புதலும் வாங்கித்தான் அதைத் தருவார்கள் என்பதால் நாளாகும். ஆகட்டும். "அதற்கெல்லாம் நேரமில்லை, இன்றே போடுங்கள்" என்றால் அந்த ஆய்வில் அம்மாவைச் சேர்க்கவேண்டாம் என்பேன்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்று நடந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பின்னர் நாடாளுமன்ற நிலைக்குழு விசாரித்து 2013இல் அறிக்கை தந்தது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். பெற்றோரைத் தேடிப்போய், அவர்கள் மொழியில் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டிய இடத்தில் ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்துவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி.

தமிழில் படிவம் கைக்கு வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். 'சமவாய்ப்பு ஒதுக்கீடு' என்று அச்சடித்திருந்தால் எத்தனை பேருக்கு விளங்கும்? யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டுக் குலுக்குவதுபோல் கணினி முடிவுசெய்கிறது என்று சொன்னால் அம்மாவுக்குப் புரியும். விளக்கி முடித்ததும், கேட்டதை அவர் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இது சோதனை, குணமாகும் என்ற உறுதி இல்லை. எந்த நாளிலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. இவை அவர் வாயிலிருந்து வரவேண்டும். இப்போது சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்களா, மருந்தில்லாத போலி மாத்திரை கிடைக்க வாய்ப்புண்டா என்று தனியாகக் கேளுங்கள். வலியோடு வாழ்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

(எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கடைசிவரை உடனிருக்கவேண்டும்.)

கையெழுத்தானதும் தகவல் தாள், படிவம் இரண்டின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது அம்மாவின் உரிமை. மருந்து ஆய்வுகளைப் பதிவுசெய்யும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (CTRI) இந்த ஆய்வின் எண் என்ன என்று கேட்டு, அதன் இணையதளத்தில் சரிபாருங்கள். ஆய்வு மருத்துவரின் எண்ணையும் நெறிமுறைக் குழுவின் எண்ணையும் அம்மாவின் போனிலேயே பதிந்துவையுங்கள். பாதிப்பு ஏதும் வந்தால் உடனே கூப்பிடுங்கள். ஆய்வால் வந்த பாதிப்பு என்றால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. கடுமையான பாதிப்பு என்றால் அது நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் நெறிமுறைக் குழுவுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தெரிவித்தாகவேண்டும். தெரிவித்தாரா என்று நீங்களே குழுவிடம் கேட்கலாம்.